சாட்டையும் எழுத்தும்

தொலைக்காட்சித் தொடர்களைச் சுவைப்போர் நால்வர் கூடினால், ஒரு கேள்வி தவறாது எழும்: மறக்க முடியாத கட்டம் எது? ஒருவர் ஒரு சாவைச் சொல்வார். இன்னொருவர் ஒரு பிரிவைச் சொல்வார். மற்றொருவர், கொடியவன் வீழ்ந்த வேளையைச் சொல்வார். சொல்லும்போதே குரல் தழுதழுக்கும், கேட்போர் தலையசைப்பர், பேச்சு அத்துடன் அடுத்த தொடருக்குத் தாவிவிடும். அக்கட்டம் ஏன் மறக்கவில்லை? மறவாமல் நெஞ்சில் வைத்திருந்து நாம் செய்தது யாது? இவ்விரு கேள்விகளும் அங்கே எழுவதில்லை. எழுப்பினால், சுவையைக் கெடுக்க வந்தவர் என்று நம்மைச் சொல்வோரும் உண்டு. எனினும் கேட்கத்தான் வேண்டும். கண்ணீர் வடிப்பது மட்டுமே சுவைஞனின் கடமை என்றால், அவனுக்கும் கோயில் வாசலில் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பக்தனுக்கும் வேறுபாடு ஏது?

உலகத் தொலைக்காட்சி வரலாற்றில் இக்கேள்விகளைக் கேட்பதற்கு ஏற்ற தொடர் ஒன்றுண்டு. அதன் பெயர் 'ரூட்ஸ்'. வேர்கள் என்பது பொருள். அலெக்ஸ் ஹேலி என்னும் கறுப்பின எழுத்தாளர் 1976இல் வெளியிட்ட பெருநூலின் தொலைக்காட்சி வடிவம் அது. அந்நூல் தமிழிலும் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஏ.பி.சி. நிறுவனம் 1977 சனவரி 23 முதல் 30 வரை எட்டு இரவுகள் தொடர்ந்தாற்போல் அதை ஒளிபரப்பிற்று. வாரத்திற்கு ஒரு பகுதி என்பதே அந்நாளைய வழக்கம்; இதுவோ இரவுக்கு இரவு வந்தது. இறுதி இரவில் அதைக் கண்டவர் ஏறத்தாழ 10 கோடிப் பேர். அன்று அந்நாட்டின் மக்கள் தொகையே ஏறத்தாழ 22 கோடிதான்! வெள்ளையர் வீட்டிலும் கறுப்பர் வீட்டிலும் ஒரே வேளையில், ஒரே காட்சிக்கு, ஒரே அமைதி நிலவியது என்றால், அது சிறு செய்தியா?

கதை இது. மேற்கு ஆப்பிரிக்காவில், காம்பியா ஆற்றங்கரையில், ஜஃபூரே என்னும் சிற்றூர். அங்கே 1750இல் பிறந்தவன் குன்டா கின்டே. பிறந்த குழந்தையைத் தந்தை இரவு வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துப் பெயர் சூட்டுகிறான். பதினேழு வயதில், காட்டிற்குச் சென்ற அவ்விளைஞனை அடிமை வணிகர் பிடிக்கின்றனர். கப்பலின் அடித்தட்டில் சங்கிலியால் பிணைத்துக் கொண்டுவந்து, 1767இல் அமெரிக்காவின் அன்னாபோலிஸ் துறைமுகத்தில் இறக்கி, ஏலத்தில் விற்கின்றனர். வாங்கிய பண்ணையாரின் குடும்பம் அவனுக்கு 'டோபி' என்று புதுப்பெயர் இடுகிறது. அவன் அப்பெயரை ஏற்க மறுக்கிறான். அவனும், அவன் மகள் கிஸ்ஸியும், அவள் மகன் ஜார்ஜும், அவன் பிள்ளைகளும் என வழிவழியாக நீளும் அடிமை வாழ்வும், உள்நாட்டுப் போருக்குப் பிறகு வந்த விடுதலையுமே தொடர்.

இத்தொடரில் மறக்க முடியாத கட்டம் எது என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கூறும் விடை ஒன்றே. அது கசையடிக் கட்டம். ஓடிப்போக முயன்று பிடிபட்ட குன்டாவின் கைகளை மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மற்ற அடிமைகள் அனைவரையும் கூட்டிப் பார்க்கச் செய்திருக்கிறார்கள். பெயரைச் சொல் என்கிறான் மேற்பார்வையாளன். இளைஞன் சொல்வது, தந்தை இட்ட பெயரை. சாட்டை விழுகிறது. மீண்டும் கேள்வி, மீண்டும் அதே விடை, மீண்டும் சாட்டை. முதுகு கிழிந்து, குரல் தேய்ந்து, கடைசியில் அவன் வாயிலிருந்து 'டோபி' என்ற சொல் விழுகிறது. ஒரு முறை போதாதென்று, எல்லாரும் கேட்க, இன்னொரு முறை சொல்லவும் வைக்கிறார்கள். குன்டாவாக நடித்த லெவார் பர்ட்டன், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயது மாணவர். உலகம் அவரை முதன்முதலில் கண்டது இத்தொடரில்தான்.

இக்கட்டம் ஏன் உள்ளத்தில் ஆணியாய் அறைகிறது? குருதியைக் கண்டதாலா? அதைவிட மிகுதியான குருதியைப் போர்ப் படங்களில் காண்கிறோம். கண்டு, கடலை கொறித்தபடியே மறந்தும் விடுகிறோம். இங்கே வேறொன்று நிகழ்கிறது. அவனுடைய உடலைப் பண்ணையார் முன்பே விலை கொடுத்து வாங்கிவிட்டார். உழைப்பும் அவர் கையில். அவன் தன்னை என்ன பெயரால் அழைத்துக்கொண்டால் அவருக்கு என்ன இழப்பு? புகையிலை ஒரு படி குறைந்துவிடுமா? குறையாது. ஆயினும் அடிக்கிறார்கள். ஒரு சொல்லுக்காக அடிக்கிறார்கள்! ஆதிக்கத்தின் நெஞ்சில் உறங்கும் அச்சத்தை இத்தனை தெளிவாகக் காட்டிய காட்சி தொலைக்காட்சியில் மிக அரிது. கையில் விலங்கு பூட்டுவது எளிது. அடிமைப்பட்டவன் தன் வாயாலேயே தன் அடிமைத்தனத்தை ஒப்புக்கொள்ளாதவரை ஆண்டைக்கு உறக்கம் வருவதில்லை. ஊரார் முன்னிலையில் அவனை அடித்ததும் அதற்காகவே. அடி ஒருவனுக்கு, பாடம் அனைவருக்கும்.

அடி ஓய்ந்ததும், ஃபிட்லர் என்ற முதிய அடிமை அவனைத் தாங்கிப் பிடிக்கிறான். வெள்ளையன் எப்பெயரிட்டு அழைத்தால் என்ன, நீ யார் என்பது உனக்குத் தெரியும் என்ற கருத்தில் தேற்றுகிறான். ஆண்டைகளுக்கு அஞ்சி, நயந்து, ஒத்துப்போய் உயிர் வாழ்ந்தவன் அவன். அவன் வாயிலிருந்து அச்சொல் வருவதால்தான் அதற்கு எடை கூடுகிறது. அவ்வேடம் பூண்ட லூயி காசெட்டுக்கு எம்மி விருது கிடைத்தது. தகும்.

இக்கட்டத்தைக் கண்டு அழாதவர் இல்லை. அழுத பிறகு?

இங்கேதான் சுவைஞரோடு நமக்கு வழக்கு. மறக்க முடியாத கட்டம் என்று சொல்லி, கதையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வது ரசிகரின் பழக்கம். வெட்டிய துண்டு வேரிலிருந்து பிரிந்த கிளையாகி விடுகிறது. கசையடிக் கட்டத்திற்கும் அதுதான் நேர்ந்தது. தொடர் வெளிவந்த பிறகு, அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் கறுப்பினப் பிள்ளைகளைக் கேலி செய்வதற்குக் 'குன்டா கின்டே' என்னும் பெயரையே மற்றப் பிள்ளைகள் பயன்படுத்தியதுண்டு. எந்தப் பெயருக்காக ஒருவன் முதுகு கிழிபட்டானோ, அந்தப் பெயரே நகைப்புக்குரிய பட்டமாயிற்று! முந்திய இரவு வீட்டில் அழுதவர்களின் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் இருந்திருக்கமாட்டார்களா? கட்டம் நினைவிலிருந்தது, கருத்து கைநழுவிற்று. 2016இல் இத்தொடரைப் புதிதாக எடுத்தபோதும், மக்கள் முதலில் எதிர்பார்த்தது அக்கசையடியைத்தான். ஒருவன் அடிபட்டதை நினைவில் வைத்திருப்பது போதாது; அவன் எதற்காக அடிபட்டான் என்பது நினைவில் நிற்க வேண்டும்.

இரக்கம் தன்னளவில் தீயதன்று. ஆயினும் இரக்கத்தில் ஒரு வசதி உண்டு. இரங்குபவர் உயரத்தில் இருக்கலாம். நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை. தொடரை எடுத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அடிமைக் கப்பலின் தலைவன் டேவிஸ் என்பவனை அவர்கள் தீட்டிய விதமே சான்று. விவிலியம் படிப்பவன்; அடிமை வணிகம் கண்டு மனம் குமைபவன்; நல்லவன் போல் நடமாடுபவன். இந்த மனப்போராட்டம் நூலில் காணாதது. வெள்ளை இனப் பார்வையாளர் முற்றிலும் குற்றக் கூண்டில் நிற்க நேராதபடி, அவர்கள் சாய்ந்துகொள்ள ஒரு தூண் வேண்டும் என்று தொலைக்காட்சிக்காரர் நட்டது. அத்தூணும் உள்ளீடற்றது என்பதைத் தொடரே காட்டிவிடுகிறது. மனம் குமைந்தவன் கப்பலைத் திருப்பவில்லை. தன் அறைக்குக் கொண்டுவந்து தள்ளப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்ணையும் இறுதியில் அவன் விட்டுவைக்கவில்லை. மனச்சான்று உறுத்திற்று, வணிகம் தடையின்றி நடந்தது! உறுத்தலோடு செய்த கொடுமைக்கும் உறுத்தலின்றிச் செய்த கொடுமைக்கும், சங்கிலியில் கிடந்தவன் கண்ட வேறுபாடு என்ன?

இதற்கு நேர்மாறாக, பாராட்டத்தக்க துணிவு ஒன்றையும் அதே தொலைக்காட்சிக்காரர் காட்டினர். குன்டாவை வாங்கும் பண்ணையாராக லோர்ன் கிரீன் நடித்தார். 'பொனான்சா' என்ற தொடரில் பதினான்கு ஆண்டுகள் அன்புத் தந்தையாக வீடுதோறும் விளங்கியவர் அவர். பின்வரும் பண்ணையாராக நடித்த ராபர்ட் ரீட், 'பிராடி பன்ச்' குடும்பத்தின் தந்தை. கப்பலில் கொடுமையே உருவாக வருபவராக நடித்த ரால்ப் வெய்ட், 'வால்ட்டன்ஸ்' குடும்பத்தின் தந்தை. நாடு முழுவதும் நேசித்த மூன்று தந்தையரின் முகங்கள் அடிமைமுறையின் முகங்களாயின! கொடுமை செய்வோர் கொம்பும் கோரைப்பல்லும் உடையவர் அல்லர்; பிள்ளைகளைக் கொஞ்சுபவர், அண்டை வீட்டாரிடம் இனிக்கப் பேசுபவர், நல்லவர் எனப் பெயரெடுத்தவர் என்னும் உண்மையைச் சொல்ல ஒரு வரி வசனமும் தேவைப்படவில்லை. முகங்களே சொல்லின. திறனாய்வு செய்யும் சுவைஞன் கசையடியோடு சேர்த்து இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம்மைக் கேட்டால், இத்தொடரில் மறக்கக்கூடாத கட்டம் வேறொன்று. அதற்குச் செல்லும் வழியில், குன்டாவின் மகள் கிஸ்ஸியின் கதையைச் சற்றே நினைவுகூர வேண்டும். 'இருந்த இடத்திலேயே இரு' என்ற பொருளில் தந்தை அவளுக்கு அப்பெயரிட்டான். மகளையாவது விற்றுவிடாதிருக்க வேண்டும் என்னும் ஏக்கம் அப்பெயரில் இருந்தது. பண்ணையார் வீட்டுப் பெண் ஆன், கிஸ்ஸியைத் தோழியாகக் கொண்டு, விளையாட்டுப்போல, மறைவாக எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். மறைவாக ஏன்? அடிமைக்கு எழுத்தறிவு கூடாதென்பது அந்நாளைய நெறி. தென் கரோலினாவில் 1740இலேயே, அடிமைக்கு எழுதக் கற்பிப்பவருக்கு 100 பவுன் தண்டம் என்று சட்டம் எழுதி வைத்தனர். கத்தி செய்யக் கற்றுக்கொடுத்தால் வராத அச்சம், எழுத்துக் கற்றுக்கொடுத்தால் வந்தது!

கிஸ்ஸி தான் கற்ற எழுத்தால் தன் காதலன் நோவா தப்பிச் செல்வதற்கு ஒரு பயண அனுமதிச் சீட்டு எழுதித் தருகிறாள். அவன் பிடிபடுகிறான். எழுதியது யார் என்பது வெளிப்படுகிறது. தாயும் தந்தையும் மண்ணில் விழுந்து கதற, அவளை விற்றுவிடுகிறார்கள். தோழி ஆன் அதைக் காண்கிறாள். காக்க ஒரு விரலையும் அசைக்கவில்லை. வாங்கியவன் அவளை அன்றிரவே கெடுக்கிறான். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று பெயரிட்ட மகளுக்கு நேர்ந்த கதி இது. ஆண்டையின் உலகில், அடிமையின் நல்லாசை ஒரு பெயரளவுக்குக்கூடச் செல்லாது.

ஆண்டுகள் கழிந்து, முதுமையில், ஆன் ஒரு வண்டியில் வந்து கிஸ்ஸியின் முன் நிற்கிறாள். கிஸ்ஸி என்று எவரையும் தனக்கு நினைவில்லை என்கிறாள், தண்ணீர் கேட்கிறாள். கிஸ்ஸி மறைவாக அக்கோப்பையில் உமிழ்ந்து, பணிவாக நீட்டுகிறாள். இக்கட்டத்தில் கைதட்டி ஆர்ப்பரிக்காத சுவைஞர் இல்லை. அதை இழிவென்று நாம் கூறமாட்டோம். வேறெந்தப் படைக்கலமும் இல்லாதவளின் படைக்கலம் அது. ஆனால் அவ்வெற்றி எவ்வளவு சிறியது என்பதையும் காண்க! குடித்தவளுக்கு அது தெரியாது, கொடுத்தவளுக்கு விடுதலை வராது, வண்டி போய்விடும், பண்ணை அப்படியே நிற்கும். பழியெண்ணம் தணிந்த மகிழ்ச்சியில் நாமும் அமைதியாக உறங்கப் போய்விடலாம். இரக்கத்தைப் போலவே இதுவும் மலிவான ஆறுதல்.

அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்ட இன்னொரு கட்டமே நாம் கூற வந்தது. தந்தை வாழ்ந்த பண்ணைக்கு ஒருமுறை போக நேர்கிறது கிஸ்ஸிக்கு. தந்தை அங்கே இல்லை, புதைகுழிதான் இருக்கிறது. அதன்மேல் நட்ட அடையாளத்தில் 'டோபி' என்ற பெயர். இளமையில் சாட்டை எழுதிய பெயர், இறந்த பின்பும் தலைமாட்டில் நிற்கிறது. அவள் அழுகிறாள். அழுதுவிட்டு எழுந்து போய்விடவில்லை. அப்பெயரைக் கீறி அடித்துவிட்டு, குன்டா கின்டே என்று எழுதுகிறாள்.

இக்கட்டத்தில் முழக்கம் இல்லை, மோதல் இல்லை, குருதி இல்லை. ஒரு பெண், ஒரு குழிமேடு, சில எழுத்துகள். ஆனால் கணக்கை எண்ணிப் பாருங்கள். ஊரையே கூட்டி வைத்து, சாட்டையால் பறித்த ஒன்றை, ஒருவரும் காணாத இடத்தில், எழுத்து மீட்டுத் தருகிறது. எந்த எழுத்தறிவுக்காக அவளைத் தாய் மடியிலிருந்து பிடுங்கி விற்றார்களோ, அந்த எழுத்தறிவே அதைச் செய்கிறது. எழுதத் தெரியாத மகளாக இருந்திருந்தால் அழுதுவிட்டுத் திரும்பியிருப்பாள், 'டோபி'யும் நிலைத்திருப்பான். 1740ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பது இங்கே விளங்கிவிடுகிறது. அவர்கள் அஞ்சியது சரியே!

இது கதையில் மட்டும் நிகழ்ந்ததன்று. அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளசுக்கு ஆண்டையின் மனைவி எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினாள், கணவன் தடுத்தான். தடுத்ததாலேயே அதன் அருமையை உணர்ந்து, தெருச் சிறுவரிடமும் கற்றுத் தேர்ந்தார் டக்ளஸ். 1838இல் தப்பி வந்தவர், பெய்லி என்ற பழைய பெயரை விட்டுப் புதுப்பெயர் தேர்ந்து, 1845இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். பின்னாளில் மால்கம், லிட்டில் என்ற குடும்பப் பெயரை உதறினார். முன்னோரை உடைமையாக வைத்திருந்த வெள்ளையர் இட்ட பெயர் அது என்பதால், பறிபோன ஆப்பிரிக்கப் பெயரின் இடத்தில் 'எக்ஸ்' என்ற ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல அவருடைய தன்வரலாற்றை உருவாக்கி, 1965இல் வெளிவரச் செய்தவர் யார்? அதே அலெக்ஸ் ஹேலிதான். பெயர் தெரியாமற் போனவரின் கதையை எழுதிய கை, பெயரைத் தேடிச் சென்று எழுதிய நூலே 'வேர்கள்'.

இனி, நமக்குப் பிடித்த ஒன்றையும் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும் கடமை இருக்கிறது. குன்டா கின்டே தம் ஏழாம் தலைமுறை முன்னோர் என்றும், காம்பியாவில் வாய்மொழி வரலாறு கூறும் ஒருவரிடம் அதைக் கேட்டறிந்ததாகவும் ஹேலி கூறினார். ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பினர். 1767இல் வந்திறங்கியதாகச் சொல்லப்பட்டவனின் பெயர், வர்ஜீனியாப் பதிவேடுகளில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காணப்படுகிறது என்று வம்சாவழி ஆய்வாளர்கள் 1980களில் காட்டினர். நூலின் சில பகுதிகள், ஹெரால்டு கூர்லாண்டர் 1967இல் வெளியிட்ட 'தி ஆப்பிரிக்கன்' புதினத்திலிருந்து வந்தவை என்ற வழக்கும் எழுந்தது. 1978இல் 6½ லட்சம் டாலர் கொடுத்து, அப்பகுதிகள் தம் நூலில் புகுந்துவிட்டதை ஒப்புக்கொண்டு, ஹேலி வழக்கை முடித்தார். இவை உண்மைகள். விரும்பும் நூல் என்பதற்காக மறைக்கலாகாது. புராணக்காரனிடம் சான்று எங்கே என்று கேட்கும் நாம், நம் நெஞ்சுக்கு இனியவரிடம் கேளாது விட்டால், நாம் கொண்டது பகுத்தறிவாகாது, கட்சியாகிவிடும்.

அவ்வாறாயின் 10 கோடிப் பேரின் கண்ணீரும் பொய்யா? அன்று. அட்லாண்டிக் கடல் கடத்தி அடிமைகளாய்க் கொண்டு செல்லக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் என்றும், உயிரோடு கரை சேர்ந்தவர் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் என்றும் கப்பல் பதிவுகளை ஆய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். 1850இலும் 1860இலும் அமெரிக்க அரசு எடுத்த குடிமதிப்பில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. உரிமையாளனின் பெயர் உண்டு; அதன்கீழ் அடிமையின் வயது உண்டு, ஆணா பெண்ணா என்பது உண்டு, நிறம் உண்டு; பெயர் இல்லை! காலைதோறும் வருகைப் பதிவேட்டைத் திறந்து, பிள்ளைகளைப் பெயர் பெயராக அழைக்கும் ஆசிரியர் தொழில் நமது. எண்ணும் வயதும் மட்டும் கொண்ட ஒரு பதிவேட்டை நினைத்துப் பார்க்கிறோம், நெஞ்சு நடுங்குகிறது. விடுதலை பெற்றோர் யாவரும் பெயரோடு எண்ணப்பட்டது 1870இல்தான். ஆகவே ஹேலியிடம் சான்று போதவில்லை என்று கூறும்போது, சான்றை அழித்தவர் யார் என்றும் சேர்த்தே கூற வேண்டும். ஒரு குன்டா மெய்ப்பிக்கப்படவில்லை. பெயர் பறிக்கப்பட்ட கோடிப்பேரை மெய்ப்பிக்க அப்பட்டியல்களே போதும்.

தொடரைக் கண்டவர்களில், அழுகையோடு நில்லாதவரும் இருந்தனர். தம் முன்னோரின் பெயரைத் தேடி, அமெரிக்காவின் ஆவணக் காப்பகங்களுக்கு மக்கள் திரண்டனர். அவ்வாண்டு பிறந்த பெண் மகவுகள் பலருக்குக் கிஸ்ஸி என்று பெயரிட்டனர். காம்பியா ஆற்றின் நடுவே, அடிமைகளை அடைத்து வைத்துக் கப்பலேற்றிய சிறுதீவு ஒன்று உண்டு. ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் யார்க் கோமகன் ஜேம்சின் பெயரை அதற்கு இட்டனர். ஜேம்ஸ் தீவு என்றே வழங்கிற்று. 2011இல் அப்பெயரை நீக்கி, குன்டா கின்டே தீவு என்று காம்பியா மாற்றியது. குழிமேட்டில் கிஸ்ஸி செய்ததை நிலப்படத்தில் ஒரு நாடு செய்தது.

தொடர் பார்ப்பதை விடுங்கள் என்று இளைஞர்களுக்கு நாம் கூறவில்லை. பாருங்கள், அழுகை வந்தால் அழுங்கள். மறுநாள் நண்பர் மறக்க முடியாத கட்டம் எது என்று கேட்டால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அடித்தவன் எந்தச் சொல்லைக் கேட்டு அடித்தான், அந்தச் சொல் எவருக்குத் தேவைப்பட்டது, எழுதத் தெரிந்த கை அங்கே எது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஊர்ப் புதைகுழிகளிலும் பட்டியல்களிலும், சாட்டை எழுதிய பெயர்கள் இன்னும் அடிக்கப்படாமல் இருக்கின்றனவா என்று தேடிப் பார்ப்பது அதன் பிறகு செய்ய வேண்டிய வேலை.